எழுதாத பேச்சு – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

கரோல்பாகில் அறை எடுத்துத் தங்கி யுபிஎஸ்சிக்குப் படிக்கிறேன். சொந்த ஊர் வள்ளியூர் பக்கம். போன வாரம் பயிற்சிக் கட்டுரைக்கு ‘அணு ஆயுதம் வைத்திருக்கும் பகை நாட்டோடு தலைவர்கள் நேரடியாகப் பேசலாமா?’ என்று தலைப்பு கொடுத்தார்கள். பேச வேண்டும் என்று எழுதினேன். அறைத் தோழர்கள் மூன்று பேரும் என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்கள். குண்டு வைக்கிறவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்தால் அவனுக்கு மரியாதை கொடுத்ததாகிவிடும் என்கிறார்கள். அணுகுண்டுக்குப் பயந்துதான் பேசுகிறோம் என்று ஆகிவிடும் என்கிறான் ஒருவன்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதிகாரிகள்தான் வருஷக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள். இரண்டு தலைவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, குறிப்பெடுப்பவர்கூட இல்லாமல், இரண்டு மணி நேரம் மனம்விட்டுப் பேசினால் தீராதது என்ன இருக்கிறது? ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் அமெரிக்க அதிபர் ரேகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் அப்படித்தானே பேசினார்கள்?

2025 மே மாதம் தில்லியில் விளக்கணைப்பு ஒத்திகை நடந்த ராத்திரி, ஊருக்கு வந்துவிடு என்று அம்மா போனில் அழுதாள். அங்கே மட்டும் என்ன, பக்கத்திலேயே கூடங்குளம் இருக்கிறதே என்றேன். அதற்குமேல் அவள் பேசவில்லை. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

நான் எழுதியது சரியா சார்?

*

அன்புள்ள தம்பி,

சரிதான். பேசத்தான் வேண்டும். மரியாதை போய்விடும் என்பதை விட்டுத் தள்ளுங்கள். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் பீஜிங் போய் மாவோவைப் பார்த்தார், மூன்று மாதம் கழித்து மாஸ்கோ போய் அணு ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அமெரிக்காவின் மரியாதை எங்கும் குறையவில்லை. பயம் என்கிற தோழரிடம் ஒன்று சொல்லுங்கள்: எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கிளம்பும் ஏவுகணை தில்லி வந்து சேரச் சில நிமிடங்கள் போதும். நம் ஜேஎன்யுவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஆர். ராஜாராமன் இதைக் கணக்குப் போட்டு எழுதியவர்களில் ஒருவர். அந்த நிமிடங்களை நினைத்துப் பயப்படாத ஆளை அந்த நாற்காலியில் உட்கார வைக்கவே கூடாது.

ஆனால் ‘குறிப்பெடுப்பவர்கூட இல்லாமல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. வெளியுறவுப் பணியே கிடைக்கக்கூடிய பிள்ளை நீங்கள். இதை எழுதக் கை எப்படி வந்தது? எழுத்தில் வராத பேச்சினால் இந்தியாவும் பாகிஸ்தானும் பட்ட பாட்டைப் பற்றித்தான் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதத்துக்கு உடனே பதில்.

சிம்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 ஜூலை 2. இந்திரா காந்தியும் பாகிஸ்தான் அதிபர் பூட்டோவும் தனியாகப் பேசினார்கள். காஷ்மீரை இரண்டாகப் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோடே நாளடைவில் எல்லையாகிவிடும் என்று பூட்டோ வாய்ப்பேச்சில் ஒப்புக்கொண்டார் என்று, இந்திராவின் செயலாளராக இருந்த பி.என். தர் 1995இல் எழுதினார். அப்படி ஒரு பேச்சே இல்லை என்றது பாகிஸ்தான் தரப்பு. யாரைக் கேட்பது? பூட்டோவை 1979இல் தூக்கில் போட்டுவிட்டார்கள். இந்திரா 1984இல் கொல்லப்பட்டார். கையெழுத்தான தாளில் இருப்பது, இரு தரப்பின் நிலைப்பாட்டுக்கும் பங்கம் இல்லாமல் அந்தக் கோட்டை இருவரும் மதிப்பார்கள் என்பது மட்டுமே. நீங்கள் ஆசைப்படும் அந்த மூடிய அறையிலிருந்து நமக்கு மிஞ்சியது ஐம்பது வருஷத்துச் சச்சரவு.

நம் இரண்டு நாட்டுத் தலைவர்களுக்கு இதில் கூடுதலாக ஓர் ஆபத்து உண்டு. மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. அமெரிக்க அதிபரும் ரஷ்ய அதிபரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பாதி நேரம் மொழிபெயர்ப்புக்கே போகும். மிச்சத்தில் ஆளுக்குக் கால் மணி. அது விரயம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் பேசி முடிப்பதற்குள் தலைவர் அடுத்த வார்த்தையை யோசித்துவிடலாம், பக்கத்தில் இருப்பவர் ஒரு துண்டுச் சீட்டை நகர்த்திவிடலாம். இந்தியிலும் உருதுவிலும் பஞ்சாபியிலும் பேசிக்கொள்கிறவர்களுக்கு அந்த இடைவெளி கிடைப்பதில்லை. ஒரு ஷேர் (உருது ஈரடிக் கவிதை) சொல்வார்கள், சிரிப்பார்கள், தோளில் தட்டிக்கொள்வார்கள். வெளியே வந்ததும் ஆளுக்கொன்று ஞாபகம் இருக்கும்.

ரெய்க்யவிக் பற்றி நீங்கள் படித்தது அரைகுறை. 1986 அக்டோபர் 11, 12 இரண்டு நாளும் அந்த அறையில் இரு தரப்புக் குறிப்பெடுப்பவர்களும் இருந்தார்கள். தலைவர்கள் தூங்கப் போன பிறகு அமெரிக்கத் தரப்பில் பால் நிட்சேயும் சோவியத் தரப்பில் மார்ஷல் அக்ரமேயெவும் விடிய விடிய உட்கார்ந்துதான் ஆளுக்கு 6,000 அணு வெடிமுனைகள், 1,600 ஏவுசாதனங்கள் என்ற வரம்புக்கே வந்தார்கள். கடைசியில் எல்லாம் ஒரே ஒரு சொல்லில் இடறியது: ஆய்வகம். விண்வெளித் தடுப்பு ஆயுதச் சோதனை ஆய்வகத்துக்குள் மட்டும்தான் என்றார் கோர்பச்சேவ், ரேகன் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. வெறுங்கையோடு எழுந்தார்கள். அன்றைக்கு எழுதி வைத்த குறிப்புகளை விட்டுவிடாமல் பதினான்கு மாதம் அதிகாரிகள் இழைத்த பிறகு, 1987 டிசம்பர் 8 அன்று உடன்படிக்கை ஆயிற்று. 500 முதல் 5,500 கி.மீ. வரை பாயும், தரையிலிருந்து ஏவும் 2,692 ஏவுகணைகள் அதனால் ஒழிந்தன. நீங்கள் ‘இழுத்தடிக்கிறார்கள்’ என்று திட்டும் அதே அதிகாரிகள் செய்த வேலை அது.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலில் ஒரு வெற்றுத் தாள் கைமாறும். இலச்சினை இருக்காது, தேதி இருக்காது, கையெழுத்து இருக்காது. பிடிக்கவில்லையென்றால் அப்படியொரு தாளே வரவில்லை என்று சொல்லிவிடலாம். பிறகு பொது வரைவு. ஒத்துப்போகாத சொற்களை எல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். முதல் வரைவில் பக்கத்துக்கு இருபது அடைப்புக்குறி இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வருவார்கள். தலைவர்கள் விமானம் ஏறும்போது இரண்டோ மூன்றோதான் மிஞ்சியிருக்க வேண்டும், அந்த இரண்டு மூன்றும் எவை என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தலைவர்கள் செய்ய வேண்டிய வேலை அவ்வளவுதான். அவர்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத வேலையும் அதுதான். சீர்வரிசையை நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் பேசி முடிப்பார்களா, முகூர்த்த நேரத்தில் மணையில் உட்கார்ந்துகொண்டு பேசுவார்களா? 2001 ஜூலையில் ஆக்ராவில் மணையில் உட்கார்ந்துதான் பேசினார்கள். முன்கூட்டி ஒப்புக்கொண்ட வரைவு இல்லாமலே வாஜ்பாயியும் பாகிஸ்தான் அதிபர் முஷரஃப்பும் சந்தித்தார்கள். காஷ்மீர் என்ற சொல்லும் எல்லை தாண்டிய பயங்கரவாதம் என்ற சொல்லும் கடைசி ராத்திரி வரை அடைப்புக்குறிக்குள்ளேயே கிடந்தன. அறிக்கை இல்லாமலே முஷரஃப் கிளம்பினார்.

அதே இருவர், 2004 ஜனவரி 6, இஸ்லாமாபாத். இந்த முறை அதிகாரிகள் முன்பே செதுக்கி வைத்திருந்தார்கள். அந்தக் கூட்டறிக்கையில் ஒரு வாக்கியம்: பாகிஸ்தானின் கட்டுப்பாட்டில் உள்ள எந்தப் பகுதியையும் எந்த வகையிலும் பயங்கரவாதத்துக்குத் துணைபோகப் பயன்படுத்த அனுமதிக்கமாட்டேன் என்று முஷரஃப் உறுதி கூறினார். இதை நிறுத்தி, இரண்டு முறை படியுங்கள். ‘பாகிஸ்தான் மண்ணை’ என்று போட்டிருந்தால் பாகிஸ்தான் வசமிருக்கும் காஷ்மீரின் முஸஃபராபாத் அதில் அடங்குமா என்று சண்டை வரும். அடங்கும் என்றால் அது பாகிஸ்தான் மண் என்று நாம் ஒப்புக்கொண்டதாகிவிடும். அடங்காது என்றால் முகாம்கள் அங்கேயே இருக்கலாம். ‘கட்டுப்பாட்டில் உள்ள’ என்ற இரண்டு சொல் வந்ததும் இரண்டு சிக்கலும் போயின. யார் நிலைப்பாடும் நகரவில்லை, ஆனால் ஓர் அங்குல இடம்கூட விடுபடவில்லை. அதற்குப் பிறகு சில வருஷம் பேச்சு நடந்ததென்றால் அந்த இரண்டு சொல்லின் மேல் நின்றுதான் நடந்தது.

அதன் பக்கத்திலேயே இன்னொரு வாக்கியத்தையும் வையுங்கள். 2009 ஜூலை 16, எகிப்தில் ஷர்ம் எல் ஷேக். மும்பைத் தாக்குதல் நடந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. மன்மோகன் சிங்கும் பாகிஸ்தான் பிரதமர் கிலானியும் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது: பயங்கரவாதத்தின் மீதான நடவடிக்கையைப் பேச்சுவார்த்தையோடு இணைக்கக் கூடாது, இரண்டையும் ஒன்றாகக் கட்டக் கூடாது. சரி, இதற்கு என்ன அர்த்தம்? பேச்சு நடந்தாலும் நடக்காவிட்டாலும் பாகிஸ்தான் பயங்கரவாதிகள்மேல் நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்று தில்லி படித்தது. நடவடிக்கை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இந்தியா பேசியாக வேண்டும் என்று இஸ்லாமாபாத் படித்தது. இரண்டும் சரியான வாசிப்பு! யார் செய்ய வேண்டும், எதை, எப்போது என்று எதுவுமே அந்த வாக்கியத்தில் இல்லை. கேட்பாரில்லாமல் நிற்கும் செயப்பாட்டு வினை. நாடாளுமன்றம் கொந்தளித்தது, பிரதமரே எழுந்து விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. உங்கள் கட்டுரையில் பல இடங்களில் ‘செய்யப்பட வேண்டும்’, ‘உறுதிப்படுத்தப்பட வேண்டும்’ என்று இருக்கும், பார்க்காமலே சொல்கிறேன். யார் செய்ய வேண்டும் என்று எழுதிப் பழகுங்கள்.

எழுத்தில் இல்லாததை வாயால் சொல்லிவிட்டோம் என்று நம்புவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. 2012 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவும் வடகொரியாவும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. கூட்டறிக்கை கிடையாது, ஆளுக்கொரு அறிக்கை. நீண்டதூர ஏவுகணைச் சோதனை இல்லை என்று இரண்டிலும் இருந்தது. செயற்கைக்கோள் ஏவுவதும் அதில் சேரும் என்று வாயால் தெளிவாகச் சொன்னோம் என்றார்கள் அமெரிக்கர்கள். ஏப்ரல் 13 அன்று வடகொரியா செயற்கைக்கோளை வைத்து ராக்கெட் விட்டது. ராக்கெட் கடலில் விழுந்தது, ஏற்பாடும் அதோடு போயிற்று.

தலைநகரங்களுக்கிடையே அவசரத்துக்கு இருக்கும் ஹாட்லைன் என்றால் சிவப்பு டெலிபோன் என்றுதானே நினைத்திருக்கிறீர்கள்? 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியில் வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் தொப்ரினின் மாஸ்கோவுக்கு அனுப்ப வேண்டிய தந்தியை, தந்தி கம்பெனி ஆள் சைக்கிளில் வந்து வாங்கிப் போவார். வழியில் நிற்காமல் போகிறானா என்று கவலையோடு பார்த்துக்கொண்டிருந்ததாகத் தொப்ரினின் பின்னால் நினைவுகூர்ந்தார். அவ்வளவு பாடுபட்ட பிறகு 1963 ஆகஸ்ட் 30 அன்று வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடி இணைப்பு வந்தது. வந்தது டெலிபோன் இல்லை, டெலிபிரிண்டர். வேண்டுமென்றேதான் குரலை விட்டுவிட்டார்கள். குரலில் கோபம் தெரியும், அவசரத்தில் வாய் தவறும், மொழிபெயர்ப்பில் பிசகும். அவரவர் மொழியில் தட்டி அனுப்ப வேண்டும், வாங்குகிறவர் நிதானமாக மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும். தாள் கையில் இருக்கும்.

இந்திய, பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைத் தலைமை இயக்குநர்களுக்கிடையே இருப்பது டெலிபோன்தான். ஆனால் வாராவாரம் செவ்வாய்க்கிழமை பேசிப் பழகிய லைன். 2025 மே 10 மதியம் 3.35க்கு அதில் அழைப்பு வந்தது, ஐந்து மணிக்குச் சண்டை நிற்க வேண்டும் என்று முடிவாயிற்று. இதற்குமேல் அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 1985 டிசம்பரில் இதே தில்லியில் ராஜீவ் காந்தியும் பாகிஸ்தான் அதிபர் ஜியா உல் ஹக்கும் சந்தித்தபோது, ஒருவர் அணு நிலையத்தை ஒருவர் தாக்குவதில்லை என்று வாய்வார்த்தையாக ஒப்புக்கொண்டார்கள். தலைவர்கள் பேசாமல் அது முளைத்திருக்காது. ஆனால் அதோடு விட்டிருந்தால் 1988 ஆகஸ்டில் ஜியா விமானத்தோடு எரிந்தபோது அந்த வாக்கும் எரிந்திருக்கும். இரண்டு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் அதைத் தாளில் கொண்டுவந்தார்கள். 1988 டிசம்பர் 31 கையெழுத்து, 1991 ஜனவரி 27 நடைமுறை, 1992 ஜனவரி 1 அன்று அணு நிலையங்களின் முதல் பட்டியல் உறையில் கைமாறியது. சொன்ன சொல் உறையில் போய்ச் சேர ஆறு வருஷம்.

அந்த உறையைப் பற்றி உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று, தில்லியிலும் இஸ்லாமாபாத்திலும் ஒரே நேரத்தில், தூதரக வழியாக அது கைமாறுகிறது. மின் உலை, ஆராய்ச்சி உலை, எரிபொருள் செய்யும் இடம், செறிவூட்டும் இடம், அணு எரிபொருள் எந்த வடிவத்தில் இருக்கும் இடமானாலும் அதன் அட்சரேகையும் தீர்க்கரேகையும் அதில் இருக்க வேண்டும். எதிரி ஒளித்து வைத்திருக்கிறான் என்ற சந்தேகம் முதல் பட்டியலிலிருந்தே இருபக்கமும் உண்டு. சரிபார்க்கும் வழி ஒப்பந்தத்தில் கிடையாது. ஆனாலும் நாடாளுமன்றத் தாக்குதல் நடந்து எல்லையில் படைகள் குவிந்து நின்ற 2002 ஜனவரி 1 அன்றும் உறை போயிற்று. தூதரக ஆட்களைக் குறைத்து, அட்டாரி எல்லைச் சாவடியை மூடி, சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்த பிறகு வந்த 2026 ஜனவரி 1 அன்றும், 35ஆவது முறையாகப் போயிற்று.

பட்டியலை வெளியிடமாட்டார்கள். ஆனால் ஒப்பந்தத்தின் வரையறைப்படி கூடங்குளம் அதில் இருந்தாக வேண்டும்: வடக்கே எட்டு டிகிரியும் சொச்சமும், கிழக்கே எழுபத்தேழு டிகிரியும் சொச்சமும். அன்றைக்கு ராத்திரி பேச்சு நின்றுபோன இடத்திலிருந்து ஆரம்பித்து அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். போனில் வேண்டாம். இரண்டு பக்கம் கடிதமாக எழுதிப் போடுங்கள்.