பள்ளி நூலகத்துல பசங்க கையால டிஜிட்டல் வேலை: கேளுங்க, சொல்றேன்

வணக்கம். ஒன்றிய தொடக்கப்பள்ளி டீச்சர் நான், 16 வருஷமா நூலகப் பொறுப்பும் என்கிட்டதான். நூலகம்னதும் தனி ரூம்னு நினைச்சுடாதீங்க, அஞ்சாம் வகுப்பு ஓரத்துல ரெண்டு பீரோ, ஒரு பாய், கயித்துல தொங்குற புத்தகங்க, அவ்ளோதான். அங்கயே பசங்க படம் எடுத்துருக்காங்க, கதை ரெகார்ட் பண்ணிருக்காங்க. உங்க கேள்விங்களுக்கு எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

எங்க ஸ்கூல்ல கம்ப்யூட்டர் கிடையாது டீச்சர், என் போன் ஒண்ணுதான், பசங்க 38 பேரு. எங்கேர்ந்து ஆரம்பிக்குறது?

போன் ஒண்ணு தாராளமா போதும் சார். ஸ்டாப் மோஷன் பண்ணுங்க, அதாவது பொம்மைய இத்துனூண்டு நகத்தி ஒரு போட்டோ, மறுபடி நகத்தி ஒரு போட்டோ, எல்லாத்தையும் வேகமா ஓட்டுனா பொம்மை தானா நடக்கும். சினிமாவுல செகண்டுக்கு 24 படம், நமக்கு 5 போதும், அப்போ 10 செகண்ட் கதைக்கு 50 போட்டோ. ஆனா மொதல்ல போன வெளிய எடுக்காதீங்க. நான் முதல் வருஷம் அந்தத் தப்பத்தான் பண்ணேன், போன குடுத்துட்டு கதை யோசிங்கன்னேன், யாரு கையில போன் இருக்கணும்னு சண்டை போட்டே பீரியட் முடிஞ்சு போச்சு, ரெண்டு புள்ளைங்க அழுதுட்டே வீட்டுக்குப் போனதுங்க. இப்போ ஒரு புத்தகத்த எல்லாரும் சேந்து வாசிப்போம், அதுல ஒரே ஒரு காட்சிய எடுத்து ஆறு கட்டம் போட்டு வரைவோம், களிமண்ணுலயோ பழைய காலண்டர் அட்டையிலயோ பொம்மை செய்வோம், போன் வர்றது நாலாவது பீரியட்லதான். ஆறு பேரு ஒரு குழு, ஒருத்தர் நகத்த, ஒருத்தர் அமுக்க, ஒருத்தர் எண்ண, ஒருத்தர் கதைய வாசிச்சு காமிக்க, மத்த ரெண்டு பேரு கை நிழல் விழுதான்னு பாக்க. ஸ்டாண்டுக்கு ரெண்டு செங்கலும் ஒரு ரப்பர் பேண்டும் போதும், போன் மட்டும் அசையவே கூடாது.

கோடிங் சொல்லித்தரணும்னு மேல இருந்து சொல்றாங்க. ஒண்ணாம் வகுப்புக்கு என்னத்த சொல்லித்தர்றது மேடம்?

கோடிங்னா கம்ப்யூட்டருக்கு வரிசையா கட்டளை குடுக்குறது, அவ்ளோதான். சாக்பீஸ் எடுத்து தரையில கட்டம் போடுங்க. ஒரு பையன் ரோபோ, இன்னொரு புள்ள கட்டளை சொல்லணும், "ரெண்டு கட்டம் முன்னாடி, வலது பக்கம் திரும்பு, ஒரு கட்டம்"னு சொல்லிச் சொல்லி பீரோவுக்கு கூட்டிட்டுப் போய் ஒரு புத்தகத்த எடுக்க வைக்கணும். வழி தப்பிட்டா எந்தக் கட்டளையில தப்புன்னு பசங்களே பின்னாடி போய்த் தேடுவாங்க, கோடிங்கோட உயிரே அதுதாங்க. டேப்லெட் இருந்தா ஸ்க்ராட்ச்ஜூனியர்ங்கிற கோடிங் ஆப் போடுங்க, 2014-ல வந்தது, 5லேர்ந்து 7 வயசுக்குன்னே செஞ்சது, எல்லாம் படமாவே இருக்கும், இலவசம், நெட் வேணாம். நாலு அஞ்சு படிக்குறவங்களுக்கு அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துக்காரங்க 2007-ல விட்ட ஸ்க்ராட்ச் இருக்கு, அதையும் கம்ப்யூட்டர்ல ஒரு தடவ இறக்கி வச்சுட்டா நெட் இல்லாமலே ஓடும்.

எங்க புள்ளைங்க "அம்மா"ங்குறத இங்கிலீஷ் எழுத்துல தட்டித்தான் தமிழ்ல வரவைக்குதுங்க. அப்படியே விடலாமாக்கா?

விடாதீங்கம்மா, இது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம். தமிழ்99 பழக்குங்க. 1999-ல சென்னையில நடந்த தமிழ்இணைய மாநாட்டுல முடிவான விசைப்பலகை அது, இடது கைப்பக்கம் உயிர், வலது கைப்பக்கம் மெய். க தட்டி இ தட்டுனா கி, க தட்டி ஊ தட்டுனா கூ, நாம கரும்பலகையில தொண்டை வத்த சொல்லித்தர்ற உயிர்மெய் கணக்கு புள்ளையோட விரல்லயே நடக்கும். அம்மாவுக்கு அ, ம, ம, ஆ, நாலே தட்டு, நடுவுல புள்ளி தானா விழுந்துடும். கொம்பு எங்க போடுறது, துணைக்கால் எங்க போடுறதுன்னு தடுமாறிட்டு இருந்த ஒரு மூணாம் வகுப்பு பையன் இத ஒரு மாசம் தட்டுனப்புறம் நோட்டுலயும் சரியா எழுத ஆரம்பிச்சான், நான் கண்ணால பாத்தது. இங்கிலீஷ்ல தட்டுற புள்ளைக்கு ன, ண, ந மூணும் ஒரே சத்தமாத்தான் தெரியும். விண்டோஸ்ல 2019லேர்ந்து தமிழ்99 உள்ளயே இருக்கு, போனுக்கு செல்லினம்னு தமிழ் தட்டுற ஆப் இருக்கு. கம்ப்யூட்டர் இல்லயா, பழைய அட்டையில விசைப்பலகை வரைஞ்சு குடுங்க, அதுலயே தட்டிப் பழகட்டும்.

வாசிக்கவே தெரியாத புள்ளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு எங்க ஹெச்எம் கேக்குறாரு.

வாசிக்கத் தெரியாத புள்ளைக்குத்தான் சார் இது அதிகமா வேணும். வாய்ல கதை சொல்லத் தெரியும்ல, அத போன்ல ரெகார்ட் பண்ணுங்க, அது சொன்னதையே நீங்க எழுதி அதுகிட்ட குடுங்க, தன்னோட வார்த்தைங்கிறதால தட்டுத்தடுமாறியாவது வாசிச்சுடும். ரெகார்ட் பண்றப்போ எதிரொலி வருதுன்னா ஜன்னல்ல ஒரு பழைய போர்வைய தொங்கவிட்டு, பாய்ல உக்கார வச்சுப் பேச வைங்க. ஹெச்எம்ம ஒரு நாள் வந்து கேக்கச் சொல்லுங்க.

படம், பாட்டெல்லாம் நெட்லேர்ந்து எடுத்துக்கலாமா?

கண்டதையும் எடுக்காதீங்க. பிரதம் புக்ஸ் பதிப்பகத்தோட ஸ்டோரிவீவர் வெப்சைட்ல தமிழ்க் கதைங்க நிறைய இருக்கு, இறக்கிக்கலாம், மாத்தி எழுதலாம், மொழிபெயர்க்கலாம், எழுதுனவங்க, வரைஞ்சவங்க பேர மட்டும் மறக்காம போடணும். பாரதியார் பாட்டு வரிங்க எல்லாருக்கும் பொது, தாராளமா பாட வைங்க, ஆனா வேற யாரோ இசையமைச்சுப் பாடுன ரெக்கார்டிங்க எடுத்து ஓட்டாதீங்க. அடுத்தவங்க படத்துக்குப் பேரு போடணும்னு அஞ்சாம் வகுப்புலயே பழகுன புள்ள காலேஜ்லயும் திருட மாட்டான்.

பசங்க வீடியோவ ஸ்டேட்டஸ்ல போட்டா பேரன்ட்ஸ் சந்தோஷப்படுவாங்களே?

வேணாம். முகம், பேரு, ஸ்கூல் யூனிஃபார்ம் எதுவும் தெரியக் கூடாது. 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயசுக்குக் கீழ இருக்குறவங்க விவரத்தப் பயன்படுத்த பெத்தவங்க சம்மதம் வேணும்னு சொல்லுது. சட்டத்த விடுங்க, அது புள்ளைங்க முகம், நம்மளது இல்ல. பேரன்ட்ஸ் மீட்டிங் அன்னிக்கு நேர்ல போட்டுக் காட்டுங்க, அவங்க அப்பத்தா முந்தானையில கண்ணத் தொடச்சுக்கிட்டு பாக்குறத நீங்களும் பாப்பீங்க.

கேட்டா பதில் எழுதித் தர்ற ஏஐ, அதான் சாட்ஜிபிடி, அத பசங்க கையில குடுக்கலாமா?

அதுல அக்கவுண்ட் தொடங்கவே 13 வயசு ஆகணும், நம்ம பசங்க கையில குடுக்காதீங்க. நான் என் போன்ல கேட்டு பதில கரும்பலகையில எழுதிப் போடுவேன், அத புத்தகத்துல சரிபாத்து தப்பு கண்டுபிடிக்குறது பசங்க வேலை. ஒரு தப்பு கெடச்சாலும் அன்னிக்கு அவங்கதான் ராஜா.

செஞ்சத எல்லாம் எங்க வைக்குறது டீச்சர்? வருஷக் கடைசியில குப்பைக்குத்தான் போகுது.

கேட்டீங்களே, இதுக்காகவே ஒரு நோட்டு வச்சிருக்கேன். ஏ4 தாள் ஒண்ண மடிச்சு நடுவுல ஒரு வெட்டு வெட்டுனா எட்டுப் பக்க குட்டிப் புத்தகம் ஆயிடும், கதை, படம், அட்டையில எழுதுனவங்க பேரு எல்லாம் அதுக்குள்ள. அரசு புத்தகப் பதிவேட்டுல கை வைக்காதீங்க, தனி நோட்டு போட்டு வரிசை நம்பர் குடுத்து, ஓரத்துல ஸ்டிக்கர் ஒட்டி, மத்த புத்தகத்தோட அதே பீரோவுல வச்சு இரவல் குடுங்க. வீடியோ, ஆடியோவுக்கும் அதே நோட்டுல நம்பர், பென்டிரைவ் ஹெச்எம் பீரோவுல. எங்களோடது இப்போ 212-ல நிக்குது. 37ம் நம்பர், குளத்து ஆமையப் பத்தினது, இதுவரைக்கும் மூணு தடவ கிழிஞ்சு ஒட்டியாச்சு, அத எழுதுன புள்ள இப்போ எட்டாவது படிக்குது, போன வாரம் வந்து தன் தம்பி பேருல அத எடுத்துட்டுப் போச்சு.