பேண்ட் ஒத்திகையைக் கையடக்க ரெக்கார்டரில் பதிவு செய்தால் சத்தம் உடைகிறது. லெவலைக் குறைத்தும் சரியாகவில்லை. என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியின் பின்பாதியில்தான் துப்பு இருக்கிறது. லெவலைக் குறைத்த பிறகும் கரகரவென்று உடைகிறது என்றால், லெவலைக் காட்டும் மீட்டருக்கு வருவதற்கு முன்பே ஒலி உடைந்துவிட்டது.

ரெக்கார்டருக்குள் ஒலி போகும் வழி இது: முதலில் மைக். அடுத்து, மைக் தரும் மெல்லிய மின்சைகையைப் பெரிதாக்கும் ப்ரீஆம்ப். அதற்குப் பிறகுதான் அதை எண்களாக மாற்றும் பகுதி. மீட்டர் காட்டுவது இந்தக் கடைசிக் கட்டத்தை மட்டுமே. சில கருவிகளில் 'ரெக்கார்டிங் லெவல்' என்பது ப்ரீஆம்ப்பைத் தொடுவதே இல்லை. ஏற்கெனவே உடைந்து வந்த ஒலியை எண்ணளவில் சிறிதாக்குகிறது, அவ்வளவுதான். உங்களுடையது அப்படியா என்று கண்டுபிடிப்பது எளிது. பழைய பதிவு ஒன்றைக் கணினியில் திறந்து, அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சிகள் பூஜ்ய டெசிபலை (பதிவின் மேல் எல்லை அது) தொட்டுத் தட்டையாகியிருந்தால் லெவல்தான் அதிகம். பூஜ்யத்துக்கு வெகு கீழேயே, கத்தியால் சீவியது போலத் தட்டையாக இருந்தால் மைக்கோ ப்ரீஆம்ப்போ தாங்கவில்லை.

முதலில் செய்ய வேண்டியது: லோ, ஹை என்று கெயின் (ப்ரீஆம்ப் பெரிதாக்கும் அளவு) சுவிட்ச் ஏதாவது கருவியின் பின்புறமோ பக்கவாட்டிலோ மெனுவிலோ இருக்கிறதா என்று தேடுங்கள். ஒத்திகைக்கு அது எப்போதும் லோவில் இருக்க வேண்டும். இதைச் செய்துவிட்டு லெவலைத் தொடுங்கள். தொகுப்பிலேயே மிகச் சத்தமான பாட்டின் மிகச் சத்தமான பகுதியை எல்லோரும் வாசிக்கட்டும். உச்சி மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி வையுங்கள். இவ்வளவு இடம் விடுவது வீணில்லை. சோதனையின்போது அடக்கி வாசிப்பவர்கள் மூன்றாவது பாட்டில் சூடேறியதும் இன்னும் ஓங்கி வாசிப்பார்கள், டிரம்மர் முக்கியமாக. 24 பிட்டில் பதிவு செய்தால் லெவல் தாழ்ந்து கிடப்பதால் கேடொன்றும் இல்லை. இவ்வளவு சத்தத்துக்கு அடியில் கருவியின் 'ஸ்ஸ்' இரைச்சல் எங்கே கேட்கப் போகிறது? பிறகு கணினியில் உயர்த்திக்கொள்ளலாம். உடைந்ததைத்தான் ஒட்ட முடியாது.

லெவலைத் தானாக ஏற்றி இறக்கும் ஆட்டோ லெவலைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். ஸ்னேர் அடிக்கும் ஒவ்வொரு முறையும் அது மொத்த ஒலியையும் அமுக்கி, மெல்லப் பழைய நிலைக்கு ஏற்றும். அமைதியான சரணமும் முழங்கும் பல்லவியும் ஒரே அளவில் கேட்கும். ஒத்திகையைப் பதிவு செய்வதே ஏற்ற இறக்கம் சரியாக வருகிறதா என்று கேட்கத்தானே! உச்சியை மட்டும் அடக்கும் லிமிட்டரை எதிர்பாராத ஓர் அடிக்குக் காப்பாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது எண்ணாக மாறிய பின் வேலை செய்யும் வகை என்றால், உங்கள் சிக்கலுக்கு அதனால் பயனில்லை.

லோவில் வைத்தும் உடைகிறதா? அப்படியானால் மைக்கே எல்லையைத் தொட்டுவிட்டது. கையேட்டில் 'அதிகபட்ச ஒலி அழுத்தம்' என்று ஓர் எண் இருக்கும். இது மீட்டரின் டெசிபல் அல்ல, அறையில் உள்ள சத்தத்தின் டெசிபல். சிறிய ரெக்கார்டர்கள் பலவற்றில் அது 120 டெசிபலை ஒட்டியது. சிறிய அறையில் டிரம்ஸும் ஆம்ப்புகளும் சேர்ந்தால் சராசரியே 100-ஐத் தாண்டும், ஸ்னேரின் அடி அருகில் 120-ஐயும் தாண்டும். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் வாங்கினால் தீருமா என்று பலர் கேட்கிறார்கள். மிக ஓங்கிய ஒலியையும் எண்ணாக மாற்ற இடம் தரும் வகை அது. அந்தக் கட்டத்தில் ஒலி உடைவதை அது தீர்க்கும். மைக்கிலேயே உடைந்து வருவதை அதனாலும் சரிசெய்ய முடியாது. ஆகவே, புதிதாக எதையும் வாங்கும் முன் ரெக்கார்டரை நகர்த்திப் பாருங்கள்.

பதிவு நன்றாக வருவதைக் கருவியைவிட இடம்தான் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். திறந்தவெளியில் தூரம் இருமடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும். நான்கு சுவருக்குள் அந்தக் கணக்கு சீக்கிரமே நின்றுபோகும். கொஞ்ச தூரத்திலேயே சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேரடி ஒலிக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் தள்ளிப்போனால் சத்தம் குறையாது, தெளிவுதான் குறையும். அதனால் சத்தத்துக்குப் பயந்து அறை மூலையில் கொண்டுபோய் வைக்காதீர்கள். மூலையில் பேஸும் கிக் டிரம்மும் குவிந்து மற்றதையெல்லாம் விழுங்கிவிடும். சுவரை ஒட்டினாற்போலவும் வேண்டாம். அறையின் சரியான நடுமையமும் வேண்டாம். தாழ்ந்த சுரங்கள் சில அங்கே காணாமல் போகும்.

பாடகர் நிற்கும் இடத்தைப் பார்த்து மைக்கைத் திருப்புவதும் பயன் தராது. குரல் வருவது அவர் வாயிலிருந்தல்ல, ஸ்பீக்கரிலிருந்து. ஒத்திகைப் பதிவுகளில் முதலில் மூழ்குவது குரல்தான். எனவே ரெக்கார்டரை அந்த ஸ்பீக்கருக்கு முன்னால் இரண்டு மூன்று மீட்டரில், டிரம்ஸ் பின்பக்கம் இருக்கும்படி நிறுத்துங்கள். முன்பக்க ஒலியை மட்டும் அதிகம் வாங்கும் எக்ஸ்-ஒய் மைக்குகள் (குறுக்காக வைத்த இரண்டு மைக்குகள்) என்றால் இதனால் சிம்பல் நன்றாகவே தணியும். எல்லாத் திசையிலும் வாங்கும் மைக்குகள் என்றால் திருப்பிப் பயனில்லை. டிரம்ஸிலிருந்து உள்ள தூரத்தை மட்டும் பாருங்கள். உயரம் தலைக்கு மேல் ஒரு சாண் இருக்கட்டும். மேசை, ஆம்ப், தரை எதன்மீதும் வைக்க வேண்டாம், அதிர்வு நேராக ஏறும். மைக் ஸ்டாண்டில் பொருத்தி, ஸ்டாண்டின் காலடியில் தடித்த துணியோ ஃபோமோ போடுங்கள்.

ஒரே பகுதியை மூன்று நான்கு இடங்களில் வைத்துப் பதிவு செய்து, வீட்டில் அமைதியாகக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். அறைக்குள் ஹெட்போன் மாட்டிக் கேட்டு முடிவெடுக்க முடியாது, வெளிச்சத்தம் அதையும் மீறும். பிடித்த இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிட்டால் அடுத்த முறை தேட வேண்டாம்.

கிட்டார் ஆம்ப் பற்றி ஒன்று. தரையில் கிடக்கும் ஆம்ப்பின் கூர்மையான ஒலி வாசிப்பவரின் முழங்காலைத்தான் தாக்குகிறது. காதுக்குப் போதவில்லை என்று அவர் ஏற்றிக்கொண்டே போவார், எதிரே இருக்கும் உங்கள் மைக் அத்தனையையும் வாங்கும். ஆம்ப்பை நாற்காலியில் தூக்கி வைத்தாலோ மேல்நோக்கிச் சாய்த்தாலோ அவரே குறைத்துவிடுவார். இதற்குப் பணமும் செலவில்லை, சண்டையும் இல்லை.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் கோப்பு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி பிடிக்கும், கார்டில் இடம் பாருங்கள். பல ரெக்கார்டர்களில் சிவப்பு விளக்கு மின்னினால் காத்திருக்கிறது என்று பொருள். இன்னொரு முறை அழுத்தி, விளக்கு நிலையாக எரிந்தால்தான் பதிவாகிறது.

இவ்வளவுக்குப் பிறகும் குரல் மூழ்கினால், நான்கு தடம் (டிராக்) பதியும் கருவி இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஜூம் எச்4என், டாஸ்காம் டிஆர்-40 போன்றவை உள் மைக்குகளோடு வெளியிலிருந்து இரண்டு இணைப்புகளையும் ஒரே நேரத்தில் எடுக்கும். மிக்சரின் லைன் அவுட்டை அங்கே கொடுங்கள். லைன் என்பது மைக் சைகையைவிட வலுவானது, ஆகவே கருவியில் மைக், லைன் என்று மாற்றும் வசதி இருந்தால் அந்த உள்ளீட்டை லைனுக்கு மாற்ற மறக்க வேண்டாம். மிக்சரில் பெரும்பாலும் குரல் மட்டுமே போகும் என்பதால், பிறகு வேண்டிய அளவு குரலைக் கலந்துகொள்ளலாம். ஒலி ஒரு மீட்டர் கடக்க 3 மில்லிசெகண்டு ஆகும். ஸ்பீக்கரிலிருந்து 3 மீட்டரில் ரெக்கார்டர் இருந்தால் மிக்சர் தடம் சுமார் 9 மில்லிசெகண்டு முந்தி நிற்கும், அப்படியே கலந்தால் குரல் குழாய்க்குள் பாடுவது போல ஒலிக்கும். பதிவின் தொடக்கத்தில் பாடகர் மைக்கில் ஒரு முறை நாக்கைச் சொடுக்கட்டும். இரண்டு தடங்களிலும் அந்தச் சொடுக்கு ஒரே கோட்டில் வரும்வரை மிக்சர் தடத்தைப் பின்னால் தள்ளுங்கள்.