பணயமாகப் போன மார்கெரித்

கேள்வி: சிலுவைப் போருக்குக் கிளம்பிய ஒரு பிரெஞ்சுக் குடும்பம் கிரேக்க நாட்டை ஆண்டதாமே? அங்கே பெண்களே சபை கூடி முடிவெடுத்தார்கள் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். உண்மையா, அம்மா?
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் மகள் சொன்னது சரிதான் அம்மா. ஆனால் கிரேக்கம் முழுவதும் அல்ல; தெற்கே உள்ள பெலோபொன்னீஸ் தீபகற்பம். அன்று அதன் பெயர் மொரேயா. ஆண்டவர்கள் ஷாம்பெய்ன் பகுதியிலிருந்து வந்த வில்லர்துவான் குடும்பத்தார்.

1204-ல் நான்காம் சிலுவைப் போர்ப் படை ஜெருசலேம் போகாமல், கிறிஸ்தவர்களின் நகரமான கான்ஸ்டான்டிநோபிளையே சூறையாடியது. அந்தச் சமயம் சிரியாவிலிருந்து கப்பலேறிய ஜெஃப்ரி த வில்லர்துவான், காற்று தள்ளிக்கொண்டு போனதில் மொரேயாவின் மெத்தோனித் துறைமுகத்தில் கரை ஒதுங்கினார். ஒதுங்கிய கரையே சில ஆண்டுகளில் அவர் ஆளும் நாடாயிற்று.

அவருடைய மகன் கியோம் பிறந்ததே கலமாட்டாவில். கிரேக்க மொழியைச் சரளமாகப் பேசுவார். மூன்றாண்டு முற்றுகையிட்டு மொனெம்வாசியாவைப் பிடித்தவர், மிஸ்த்ரா மலைமேல் கோட்டை கட்டியவர். 1259-ல் பைசாந்தியர்களோடு, அதாவது கிரேக்கப் பேரரசின் படையோடு நடந்த பெலகோனியா போரில் தோற்று, எல்லாம் தலைகீழானது. வைக்கோல் குவியலில் ஒளிந்திருந்தவரைத் துருத்திய முன்பற்களே காட்டிக்கொடுத்தன. பிடிபட்ட கியோமின் விடுதலைக்கு விலையாகப் பைசாந்தியப் பேரரசர் மிக்கேல் பலையோலோகஸ் கேட்டது மிஸ்த்ரா, மொனெம்வாசியா, மைனா ஆகிய மூன்று கோட்டைகள்.

முடிவெடுக்க 1261-ல் மொரேயாவின் நிக்லி நகரில் சபை கூடியது. பிரபுக்களில் பலர் செத்திருந்தார்கள், பலர் சிறையில். அதனால் அவர்களின் மனைவியரும் விதவைகளுமே வந்து உட்கார்ந்தார்கள். கோட்டைகளைக் கொடுத்தால் நாடே போய்விடும் என்று ஏதென்ஸின் பிரபு கீ த லா ரோஷ் தடுத்துப் பார்த்தார். பின்னால் நடந்ததைப் பார்த்தால் அவர் பயந்தது நியாயம்தான். ஆனால் அந்தப் பெண்களுக்குத் தங்கள் ஆண்கள் வீடு திரும்ப வேண்டும். கொடுப்பதென்றே முடிவாயிற்று.

பள்ளியில் வரலாறு எடுத்த காலத்தில் ரிச்சர்டு, சலாதீன் என்ற இரு பெயர்களோடு சிலுவைப் போரை முடித்துவிடுவேன். மார்கெரித் த பாசவானைப் பற்றி மாணவிகளுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது. ஒப்பந்தத்துக்குப் பிணையாகப் பேரரசரிடம் கான்ஸ்டான்டிநோபிளுக்கு அனுப்பப்பட்ட இரண்டு பெண்களில் அவர் ஒருவர். அவர் அங்கே இருந்தபோது அகோவாக் கோட்டைக்கு உரியவரான மாமா வாரிசில்லாமல் இறந்தார். சொத்து மார்கெரித்துக்குச் சேர வேண்டியது. திரும்பி வந்து கேட்டால், சட்டம் குறித்த கெடு தாண்டிவிட்டது என்றார் கியோம். யாருடைய விடுதலைக்காக அவர் பிணையிருந்தாரோ, அதே கியோம்!

மார்கெரித் விடவில்லை. செல்வாக்குள்ள சாந்த்-ஓமேர் குடும்பத்தில் மறுமணம் செய்துகொண்டு, கணவரின் சகோதரரைத் தனக்காக வாதாட வைத்தார். சட்டப்படி வழக்கு தோற்றது. பிறகு மனமிரங்கி, அகோவாவில் மூன்றில் ஒரு பங்கைக் கியோம் கொடுத்தார். மிச்சத்தைத் தன் இளைய மகளுக்கு எழுதிவைத்தார். அந்தச் சிறுமியின் பெயரும் மார்கெரித்.