ஊடை நூல் ஏன் பத்துவதில்லை? (நெசவு கேள்வி-பதில்)

கேள்வி: பரமக்குடி பக்கத்துக் கிராமத்தில் இருந்துகொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்கு 80-ஆம் நம்பர் பருத்திச் சேலை நெய்கிறேன். பத்துச் சேலைக்குப் பாவும் (நீளவாட்டில் ஓடும் நூல்), ஊடைக்கு (குறுக்கே ஓடும் நூல்) 1,350 கிராம் நூலும் தருகிறார்கள். கடைசிச் சேலையில் கால்வாசி மிச்சம் இருக்கும்போதே நூல் தீர்ந்துவிடுகிறது. கூடுதல் நூலுக்குக் கூலியில் பிடிக்கிறார்கள். தப்பு என் கையிலா?

பதில்: பிடித்தத்துக்குத் தலையாட்டும் முன் கணக்கைப் பாருங்கள். 80-ஆம் நம்பர் என்றால் 840 கெஜச் சிட்டம் (நூல் கட்டு) 80 சேர்ந்து ஒரு பவுண்டு, அதாவது 453.6 கிராம். ஒரு சிட்டம் 5.67 கிராம், கிராமுக்கு 135 மீட்டர் நூல். சேலை 5.5 மீட்டர், அகலம் 48 அங்குலம், அங்குலத்துக்கு 64 ஊடை என்று வைத்தால் சுமார் 13,860 ஊடை விழும். கரையில் திரும்புவதையும் சேர்த்து ஊடைக்கு 1.25 மீட்டர். சேலைக்கு 128 கிராம், பத்துக்கு 1,280. தாரில் (ஊடை நூல் சுற்றும் சிறு குச்சி) தங்குவது, அறுந்து கழிவது என 2 சதவீதம் போட்டாலும் 1,306-தான். உங்களுக்கு நூல் மிஞ்ச வேண்டும்!

மிஞ்சாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, நூல் தடிப்பு. சங்கத்திலேயே பத்துச் சிட்டத்தை நிறுத்துப் பாருங்கள்: 56.7 கிராம் வர வேண்டும். 60 கிராம் வந்தால் உங்களிடம் இருப்பது சுமார் 76-ஆம் நம்பர். பத்துச் சேலைக்கு 1,380 கிராம் ஆகும். மழைக்காலத்தில் நூல் ஈரம் குடித்து ஒரு கிராம், ஒன்றரை கிராம் கூட நிற்கும். அதனால் நல்ல வெயில் நாளில் நிறுங்கள். இரண்டாவது, கை அழுத்தம். 64 விழ வேண்டிய இடத்தில் 68 விழுந்தாலும் அதே 1,380-க்குமேல் போகும். நெய்த சேலையில் நாலைந்து இடத்தில், இழை எண்ணும் கண்ணாடி வைத்து ஓர் அங்குலத்தை எண்ணுங்கள். எடை சரி, எண்ணிக்கை கூடுதல் என்றால் கையைத் திருத்த வேண்டும். எண்ணிக்கை சரி, எடை கூடுதல் என்றால் பிடித்தம் நியாயமே இல்லை. எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். இனிமேல் நூல் வாங்கும் அன்றே நிறுத்து, எடையைப் பாஸ்புத்தகத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சமையலுக்கு எழுந்து போய்விட்டு வந்து நெய்தால் அந்த இடத்தில் கோடு விழுகிறது. சேலையை இரண்டாம் தரம் என்கிறார்கள்.

பதில்: இழுவையிலேயே நிற்கும் பாவு நீண்டுகொடுக்கும்; கடைசி ஊடை விழுந்த துணி விளிம்பு இடம் மாறும். எழும்போது பாவைத் தளர்த்திவிடுங்கள். திரும்பியதும் பழைய இழுவைக்குக் கொண்டுவந்து, கடைசி இரண்டு மூன்று ஊடையைப் பிரித்தெடுத்து, முதல் சில ஊடைகளை மெதுவாக அடியுங்கள். தாரில் இருக்கும் நூல் காய்ந்துவிட்டால் புதுத் தார் போடுங்கள்.

கேள்வி: நெய்வது நான், சங்க உறுப்பினர் என் வீட்டுக்காரர். இதனால் எனக்கு நஷ்டம் உண்டா?

பதில்: உண்டு. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடெங்கும் 35.22 லட்சம் தொழிலாளர், அதில் 25.46 லட்சம் பேர் பெண்கள். ஆனாலும் கூலி எந்த உறுப்பினர் எண்ணில் பதிவாகிறதோ, சேமிப்பும் அந்தப் பெயரில்தான் சேரும். பொதுக்குழுவில் ஆளுக்கு ஓர் ஓட்டு; உறுப்பினரல்லாதவருக்கு அதுவும் இல்லை. வீட்டில் இரண்டு தறி இருந்தால் ஒன்றுக்கு உங்கள் பெயரில் பங்குத்தொகை கட்டி விண்ணப்பியுங்கள். ஒரே தறி, நெய்வதும் நீங்கள் மட்டுமே என்றால் உறுப்பினர் பெயரை மாற்றக் கேட்பதே சரி. வீட்டில் இதைப் பேசத் தயங்காதீர்கள். கூலி வரும் வங்கிக் கணக்கும் உங்கள் பெயரில் இருக்கட்டும். மத்திய அரசின் நெசவாளர் அடையாள அட்டை தார் சுற்றுபவர், பாவு ஓட்டுபவருக்கும் உண்டு. மாமியார் தார் சுற்றினால் அவருக்கும் சேர்த்துக் கேளுங்கள்.