‘இது டூப்ளிகேட்டா?’ என்று கேட்கிறார்கள்

கேள்வி: சொந்தமாக ஒரு சோப் பிராண்ட் நடத்துகிறேன். வாடிக்கையாளர்களுக்கான செய்திகளை எப்போதும் கடைசி நேரத்தில்தான் எழுதுகிறோம். போன மாதம் வாசனையை மாற்றினோம், ‘இது டூப்ளிகேட்டா?’ என்று கேட்டு மெசேஜ்கள் குவிந்துவிட்டன. அடுத்த மாதம் விலையும் ஏறுகிறது. இந்த முறை எப்படித் திட்டமிடுவது?

பதில்: அந்தக் கேள்வியைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏமாந்துவிட்டோமோ என்ற பயம் அது. உங்கள் சோப்பின் வாசனை அவர்களுக்கு அவ்வளவு பழக்கம். அது மாறப்போகிறது என்று முன்னாலேயே ஒரு வரி போயிருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

பெரிய நிறுவனங்களே இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. 1985 ஏப்ரலில் கோகோ கோலா தன் பானத்தின் சுவையை மாற்றியது. அதற்கு முன் ஏறக்குறைய 2 லட்சம் பேருக்குக் குடிக்கக் கொடுத்துச் சோதித்திருந்தார்கள். ஆனால், பழைய சுவை இனிக் கிடைக்காது என்றால் மக்களுக்கு எப்படி இருக்கும் என்பது அந்தச் சோதனையில் பிடிபடவில்லை. நாளுக்கு 400 அழைப்புகள் வந்துகொண்டிருந்த அவர்களுடைய வாடிக்கையாளர் தொலைபேசி எண்ணுக்கு ஜூனில் நாளுக்கு 1,500 வந்தன. 79 நாளில் பழைய சுவை திரும்ப வந்தது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். விலையைப் பற்றி வாய் திறக்கும் முன் வாசனை விஷயத்தை முடியுங்கள். ஏன் மாற்றினீர்கள், எந்த பேட்ச் முதல் மாறியது, பிடிக்காதவர்கள் என்ன செய்யலாம் என்று நேராகச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் விலையை ஏற்றினால், ‘சரக்கும் மட்டம், விலையும் அதிகம்’ என்று இரண்டையும் சேர்த்துத்தான் படிப்பார்கள்.

அப்புறம், தினமும் போன் எடுத்துப் பேசுகிறவரை உட்காரவைத்து, விலை ஏறினால் என்னென்ன கேட்பார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். அவரைவிட இதற்கு நல்ல ஆள் கிடையாது. எந்தத் தேதி முதல்? ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தவருக்கு எந்த விலை? கடையில் பழைய ஸ்டாக் இருந்தால்? உங்களிடமே பதில் இல்லாத கேள்வி ஒன்றாவது வரும். அதை நல்ல வார்த்தைகளால் பூசி மெழுகாதீர்கள். முதலில் முடிவெடுங்கள், பிறகு எழுதுங்கள்.

அறிவிப்பு வெளியே போவதற்கு ஒரு நாளாவது முன்பு உங்கள் ஆட்களுக்கும் கடைக்காரர்களுக்கும் சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர் விசாரிக்கும்போது அவர்கள் ‘அப்படியா?’ என்று திருப்பிக் கேட்கும்படி விடக்கூடாது.

டெலிவரி தாமதம், பழுதான பேட்ச் போன்றவற்றுக்குத் தேதியும் பேட்ச் எண்ணும் நிரப்ப இடம் விட்டு இப்போதே வரைவு எழுதி வையுங்கள். அப்படி ஏதாவது நடக்கும்போது, ஏற்கெனவே ஷெட்யூல் செய்த விளம்பரங்களை நிறுத்தும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் கொடுங்கள். உங்களுக்குப் போன் போட்டுக் கேட்காமலே அவர் நிறுத்தலாம் என்றும் சொல்லி வையுங்கள்.