தீ எச்சரிக்கை சென்சார் ஆராய்ச்சிக்கு எந்தப் படிப்பு? ஒரு பெற்றோருக்குப் பதில்

தீப்பிடிக்கும் முன்பே எச்சரிக்கும் புதுப் பொருட்களை உருவாக்கும் துறைக்குப் போக வேண்டும் என்று உங்கள் மகள் பிடிவாதமாக இருக்கிறாள். எதில் சேர்ப்பது, வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் ஒரு பட்டப்படிப்பைத் தேடி அலைய வேண்டாம். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’ என்று ஊருக்கு ஊர் விளம்பரப்படுத்தும் குறுகிய கால டிப்ளமோ இதற்கு உதவாது. நாக்பூர் தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரியின் பொறியியல் பட்டம் நல்ல படிப்புதான். ஆனால் அது தீயணைப்பு, பாதுகாப்புப் பணிக்கான படிப்பு. சென்சார் பொருளை உருவாக்கக் கற்றுத்தராது.

இன்று கூரையில் மாட்டியிருக்கும் புகை உணரியில் பெரும்பாலும் இருப்பது ஒரு அகச்சிவப்பு எல்.இ.டி.யும் ஒளியை உணரும் ஒரு ஃபோட்டோடையோடும்தான். புகை உள்ளே வந்து ஒளியைச் சிதறடித்தால் அலாரம் அடிக்கும். அதாவது, பொருள் புகைய ஆரம்பித்த பிறகுதான் அதற்குத் தெரியும். மகளை ஈர்த்திருப்பது வேறு வகை. கிராஃபீன் ஆக்சைடு, அதாவது ஆக்சிஜன் தொகுதிகள் ஒட்டிய மிக மெல்லிய கார்பன் தாள், சாதாரண வெப்பநிலையில் கிட்டத்தட்ட மின்கடத்தாப் பொருள். சூடேறும்போது அதிலுள்ள ஆக்சிஜன் தொகுதிகள் கழன்று, மின்சாரம் கடத்தத் தொடங்கும். இதை வைத்து 2018இல் சீன அறிவியல் கழகத்தின் ஷாங்காய் செராமிக்ஸ் நிறுவனம் ஒரு சுவர்த்தாளைச் செய்தது. தாள் எரியாமலிருக்க, எலும்பிலும் பல்லிலும் உள்ள ஹைட்ராக்சிஅபடைட்டை நானோ இழைகளாக்கிப் பயன்படுத்தினார்கள். டைட்டானியம் கார்பைடு மெக்சீன் என்ற, மின்சாரம் கடத்தும் மெல்லிய தாள் போன்ற பொருளிலும் இதே நோக்கத்தில் ஆய்வு நடக்கிறது. ஆனால் அது ஈரக்காற்றில் நாளடைவில் ஆக்சிஜனேற்றம் அடைந்து டைட்டானியம் டைஆக்சைடாக மாறிவிடும்.

ஆய்வகத்தில் தீயைக் காட்டிய சில விநாடிகளில் விளக்கு எரிவது அழகான காட்சி. பத்து வருடம் மழைக்காலமும் கோடையும் பார்த்து, பொய் அலாரம் அடிக்காமல் சுவரில் இருப்பது வேறு சங்கதி. இந்தத் துறையில் சம்பளம் தருபவர்கள் தேடுவது அந்த இடைவெளியை அடைக்கத் தெரிந்த ஆளை.

அவளுக்கு உண்மையான ஆர்வமா என்று அறிய, இரண்டாம் ஆண்டு வாக்கில் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு சிறு திட்டம் செய்யச் சொல்லுங்கள். கிராஃபீன் ஆக்சைடைத் தானே தயாரிக்க வேண்டாம். அதற்குப் பயன்படுத்தும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் அடர் கந்தக அமிலமும் சேரும்போது உருவாகும் மாங்கனீஸ் ஹெப்டாக்சைடு, சுமார் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெடிக்கக்கூடியது. மில்லிலிட்டருக்கு 4 மில்லிகிராம் அளவில் நீரில் கலந்து விற்கும் கரைசலை வாங்கிக்கொள்ளலாம். 1 செ.மீ. அகலம், 5 செ.மீ. நீளமுள்ள கண்ணாடியிழைத் துணியை அதில் நனைத்து, 50 டிகிரி செல்சியஸில் உலர்த்தி, மூன்று நான்கு முறை திரும்பச் செய்து, இரு முனையிலும் சில்வர் பேஸ்ட் தடவிச் செம்புக் கம்பி இணைக்க வேண்டும். பருத்தித் துணி வேண்டாம். அது கருகி அறுந்தால் சுற்றும் அறுந்துவிடும். சில்வர் பேஸ்ட்டின் பசையும் தீயில் கருகும், அதனால் சுடரை நடுப்பகுதியில் மட்டும் காட்ட வேண்டும்.

பலரும் தடுக்கி விழுவது சுற்றில். 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்.இ.டி., இந்தத் துணிப் பட்டை மூன்றையும் தொடராக இணைப்பார்கள். எல்.இ.டி.க்கு 2 வோல்ட் போக 7 வோல்ட் மிச்சம். 1 மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமானால் பட்டையின் மின்தடை 7 கிலோ ஓமுக்கு வர வேண்டும். மெகா ஓம்களில் இருந்தது 50 கிலோ ஓமுக்கு இறங்கியிருந்தாலே வேதிவினை நன்றாக நடந்திருக்கிறது என்று பொருள், ஆனால் விளக்கு சரியாக எரியாது. பொருள் வேலை செய்யவில்லை என்று தூக்கிப்போட்டுவிடுவார்கள். 1 மெகா ஓம் மின்தடையுடன் பட்டையைத் தொடராக்கி, நடுப்புள்ளி மின்னழுத்தத்தை எல்எம்393 கம்பரேட்டரில் (இரு மின்னழுத்தங்களை ஒப்பிடும் சில்லு) கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்து ஈரப்பதம். ஈரம் ஏறினால் கிராஃபீன் ஆக்சைடு வழியே புரோட்டான்கள் நகரும், மின்தடை குறையும். சென்னை நவம்பரில் தீயே இல்லாமல் அலாரம் அடித்தால் காரணம் இதுதான். கழுவாமல் விட்ட பொட்டாசியம் உப்பு தங்கியிருந்தால் பொருளே சுலபமாகப் பற்றிக்கொள்ளும். இன்னொன்று, ஒருமுறை சூடேறிக் கடத்தத் தொடங்கியது பழைய நிலைக்குத் திரும்பாது, ஆகவே மாட்டிய சென்சாரைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. இவற்றையெல்லாம் அளந்து வரைபடமாக்கிக் காட்டும் மாணவிக்கு நேர்காணலில் மதிப்பு உண்டு. வீடியோ மட்டும் வைத்திருப்பவர்கள் ஏராளம்.

படிப்பு என்று வந்தால் மூன்று வழி. ஜேஇஇ மதிப்பெண் கைகொடுத்தால் சென்னை ஐஐடி, திருச்சி என்ஐடி இரண்டிலும் உலோகவியல் மற்றும் மூலப்பொருள் (மெட்டீரியல்ஸ்) பொறியியல் உண்டு. பொறியியல் கலந்தாய்வு வழியே என்றால் கோவை பிஎஸ்ஜி, சேலம் அரசு பொறியியல் கல்லூரி ஆகியவற்றில் உலோகவியல். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில் வேதி, மின்வேதியியல் பி.டெக். இந்த ஆர்வத்துக்குக் காரைக்குடிதான் பலரும் கவனிக்காமல் விடும் நல்ல இடம். ஆய்வக வளாகத்திலேயே படிப்பு, பேட்டரி ஆராய்ச்சி அருகிலேயே. மூன்றாவது, பி.எஸ்சி. இயற்பியல் அல்லது வேதியியல் படித்து, ஐஐடி ஜாம் தேர்வு வழியே எம்.எஸ்சி.; பிறகு கேட் எழுதி எம்.டெக். செலவு குறைவு, வருடம் அதிகம்.

இசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) எடுத்தால் கெட்டுவிடுமா என்றால், இல்லை. அலாரம் நிறுவனங்களில் கூடுதலான வேலை சுற்று வடிவமைப்பிலும், தீ எச்சரிக்கை அமைப்புகளுக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 2189 விதிப்படி நிறுவிப் பராமரிப்பதிலும்தான் இருக்கிறது. உடனடி வருமானம் முக்கியமென்றால் இசிஇ பாதுகாப்பானது.

வெறும் பி.இ.யோடு புதுப் பொருள் ஆராய்ச்சி வேலை கிடைப்பது அரிது. எம்.டெக். இரண்டு ஆண்டு, பிஎச்.டி. என்றால் மேலும் ஐந்தாண்டு ஆகலாம். சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் மாதம் 37,000 ரூபாய், மூத்த நிலைக்கு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. அத்தனை வருடம் அவள் வருமானத்தை வீடு எதிர்பார்க்காமல் இருக்க முடியுமா என்பதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

காத்திருக்க முடியாதென்றால், மின்வாகன பேட்டரி பக்கம் பார்க்கலாம். லித்தியம் செல்லின் இரு மின்முனைகளைப் பிரித்து வைக்கும் பாலிஎத்திலீன் பிரிப்பான் சுமார் 130 டிகிரியில் உருகும். சுடர் தெரியும் முன்பே ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கசியலாம். வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டரை எந்த செல்லில் ஒட்டுவது, எரிவாயு சென்சாரை எங்கே வைப்பது என்று அறிந்தவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. எம்க்யூ-2 போன்ற டின் ஆக்சைடு எரிவாயு சென்சாரில் இப்போதே பழகலாம்: 5 வோல்ட் ஹீட்டர் ஏறக்குறைய 150 மில்லி ஆம்பியர் இழுக்கும், ஆர்டுயினோ என்ற கட்டுப்பாட்டுப் பலகையின் சிக்னல் பின்னிலிருந்து நேரடியாகக் கொடுக்கக் கூடாது; முதல்முறை 24 மணி நேரத்துக்கு மேல் சூடேற்றாமல் எடுத்த அளவை நம்பக் கூடாது.

விருப்பப் பட்டியல் நிரப்பும்போது கல்லூரியின் பெயருக்கு முன், அங்கே படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் கருவியும் சூடேறும்போது எடை மாறுவதை அளக்கும் வெப்ப எடை பகுப்பாய்வுக் கருவியும் இளநிலை மாணவர் கைக்கு வருமா, பூட்டிய அறையில் இருக்குமா என்று மூன்றாமாண்டு மாணவர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.