78 வயது அப்பாவுக்கு ஞாபக மறதி. இனி உயில் எழுதினால் செல்லுமா?

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. சில மாதங்களாக ஞாபக மறதி. தோட்டத்தை விட்டு வந்தபோது வாங்கிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடும், பிறகு சேர்த்த இரண்டு ஏக்கர் செம்பனை நிலமும் அவர் பெயரில் இருக்கின்றன. அம்மா உயிரோடு இருக்கிறார். பிள்ளைகள் மூவர். உயிலெல்லாம் எதற்கு, வீட்டை இப்போதே தன் பெயருக்கு மாற்றிவிடலாம் என்கிறார் மூத்த அண்ணன். என்ன செய்வது?

பதில்:

செல்லும். ஆனால் தீபாவளி கழியட்டும், தைப்பூசம் கழியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அண்ணனின் யோசனையைப் பிறகு பார்க்கலாம். எனக்குக் கவலை தருவது அப்பாவின் மறதியைவிட அதுதான்.

நான் வழக்கறிஞர் அல்லன். சுங்கை சிப்புட்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் 27 ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அம்மா தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், என் அப்பா மருந்தடித்தார். அதனால் தமிழ் மட்டுமே தெரிந்த பெரியவர் யார் வந்தாலும் என் மேசைக்குத்தான் அனுப்புவார்கள். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த உயிலை வரிவரியாகத் தமிழில் சொல்லி, அவருக்குப் புரிந்ததா என்று பார்ப்பது என் வேலை.

மறதி வந்துவிட்டது என்பதாலேயே ஒருவர் உயில் எழுதும் தகுதியை இழந்துவிடுவதில்லை. 1870இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஒரு வழக்கின் அளவுகோலைத்தான் மலேசிய நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன. தான் எழுதுவது உயில் என்று தெரிகிறதா? தன்னிடம் ஏறக்குறைய என்னென்ன சொத்து இருக்கிறது என்று தெரிகிறதா? யார் யாருக்குத் தன்மேல் உரிமை உண்டு என்று தெரிகிறதா? இல்லாத பகையைக் கற்பனை செய்துகொண்டு யாரையும் ஒதுக்காமல் இருக்கிறாரா? கையெழுத்திடும் நேரத்தில் இவை சரியாக இருந்தால் போதும். காலையில் பசியாறியதை மறந்துவிட்டு இன்னொரு முறை கேட்பவர் இதில் தேறிவிடலாம். நன்றாகப் பேசிச் சிரிப்பவர், மகள் ஒருத்தி இருப்பதையே விட்டுவிட்டால் தேறமாட்டார்.

ஒரு பெரியவரைச் சொல்கிறேன். இளைய மகன் அழைத்து வந்திருந்தார். என்ன எழுத வேண்டும் என்பதை மகனே ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து நீட்டினார். நான் பெரியவரிடம் இது என்ன மாதம் என்று கேட்டேன். "மழை மாதம்" என்றார். மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கீழே கடையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று மகனை அனுப்பினேன். கதவு சாத்தியதும் பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். லாட் எண் தெரியவில்லை. ஆனால் ஆற்றோரத்து எல்லையில் நிற்கும் டுரியான் மரத்தை யார் நட்டது, எந்தப் பக்கம் அண்டைக்காரர் வேலியை ஓரடி தள்ளிப் போட்டார், எல்லாம் சொன்னார். நான்கு பிள்ளைகளையும் பிறந்த வரிசையில் சொன்னார். புருஷனை இழந்து வந்து வீட்டோடு இருக்கும் மகளின் பெயரைச் சொன்னபோது குரல் தாழ்ந்தது. "அவன் எழுதிக் கொண்டுவந்தது வேறு, தம்பி. அவள் சாகும்வரை அந்த வீட்டில் யாரும் அவளை எழுப்பக் கூடாது. அதை எழுது" என்றார்.

அதையே எழுதினோம். இரண்டு நாள் கழித்து அவரை மருத்துவரிடம் அழைத்துப் போய்க் கடிதம் வாங்கி, அன்றே கைநாட்டு வைத்தார். நாற்பது வருடம் உளி பிடித்த கட்டைவிரலில் ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது. மூன்று முறை மை தடவி அழுத்திய பிறகுதான் ஏதோ பதிந்தது. அதன் கீழே, இந்த உயில் தமிழில் வாசித்து விளக்கப்பட்டது, அவர் புரிந்துகொண்டதாகத் தோன்றிய பிறகே கைநாட்டு வைத்தார் என்று ஒரு வாசகம் சேர்த்தோம். எழுதப் படிக்கத் தெரியாதவரின் உயிலில் அந்த ஒரு வாசகம் இல்லாததால் பிற்காலத்தில் வம்பாகிப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் அப்பாவுக்கும் அப்படியே செய்யுங்கள். முதலில் மருத்துவரிடம் காட்டி, உயில் எழுதும் மனத்தெளிவு இருக்கிறது என்று தேதியிட்ட கடிதம் வாங்குங்கள். அந்த மருத்துவரே சாட்சியாகக் கையெழுத்திட ஒப்புக்கொண்டால் அதைவிடப் பலமான சாட்சி வேறு கிடையாது. உயில் எழுதும் அறையில் பிள்ளைகள் இருக்க வேண்டாம். நீங்களும்தான். நீங்கள் நல்லவராக இருக்கலாம். நாளைக்கு அண்ணன் தரப்பு வழக்கறிஞர் கேட்கப் போவது, அந்த அறையில் யார் இருந்தார்கள் என்பதை.

1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி அப்பா கையெழுத்திடும்போது இரண்டு சாட்சிகள் ஒன்றாக உடன் இருந்து, அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். உயிலில் பங்கு பெறுபவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சி போடக் கூடாது. போட்டால் உயில் செல்லும், அந்தப் பங்கு மட்டும் போய்விடும். இது எங்கள் வீட்டிலேயே நடந்தது. பெரியப்பா கடையில் ஒரு பாரம் வாங்கி, மகளுக்கு நிலத்தை எழுதி, வீட்டில் இருந்த மருமகனையே சாட்சியாகக் கையெழுத்திட வைத்தார். வீட்டு மனிதரை நம்பாமல் வேறு யாரை நம்புவது என்று நினைத்திருப்பார். அந்த ஒரு கையெழுத்தால் அக்காவுக்கு அந்த நிலம் உயில் வழியாகக் கிடைக்காமல் போயிற்று. நான் அப்போது இதே வேலையில்தான் இருந்தேன். அவர் என்னிடம் கேட்கவில்லை, நானும் விசாரிக்கவில்லை.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: உயில் எழுதிய பிறகு திருமணம் செய்துகொண்டால் பழைய உயில் ரத்தாகிவிடும், அந்தத் திருமணத்தை எதிர்பார்த்தே எழுதியிருந்தால் தவிர. உங்கள் அப்பாவுக்கு இது பொருந்தாது. மனைவியை இழந்து மறுமணம் செய்த சித்தப்பா, மாமா யாராவது இருந்தால் சொல்லிவையுங்கள்.

இப்போது அண்ணனின் யோசனை. பெற்றோர் பிள்ளைக்கு அன்பின் பேரில் சொத்து மாற்றும்போது, வாங்குபவர் குடிமகனாக இருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் சொத்து மதிப்பில் முதல் பத்து லட்சம் ரிங்கிட்டுக்கு முத்திரை வரி இல்லை. அதனால் ஊரில் பலரும் "இப்போதே மாற்றிவிடு" என்கிறார்கள். வரி மிச்சம் என்பது உண்மை. ஆனால் இறந்தவர் சொத்துக்கு இந்த நாட்டில் 1991 நவம்பர் முதல் மரண வரியே கிடையாது. அப்புறம் எதற்கு இந்த அவசரம்?

14ஏ என்ற சொத்து மாற்றப் பாரத்தில் அப்பா கையெழுத்திட்டு, நில அலுவலகத்தில் பதிவாகிவிட்டால் வீடு அண்ணனுடையது. கவனிக்காத பிள்ளையிடமிருந்து சொத்தைத் திரும்பப் பெற இந்தியாவில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் வழி வைத்திருக்கிறது. அதை வாட்சப்பில் பார்த்துவிட்டு இங்கேயும் உண்டு என்று நம்புகிறவர்கள் நிறைய. அது நம் நாட்டுச் சட்டம் அன்று. இங்கே ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கினார் என்று நிரூபிக்க உயர்நீதிமன்றம் வரை போக வேண்டும்.

அண்ணன் தங்கமானவர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் திவாலானால் வீடு கடன்காரர்களுக்குப் போகும். கெட்ட பேச்சுதான், ஆனால் சொல்லியாக வேண்டும்: அவர் அப்பாவுக்கு முன்னால் உயில் இல்லாமல் இறந்துவிட்டால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி அவர் மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு. அப்பா தன் உழைப்பில் வாங்கிய வீட்டில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து கால் பங்குக்காரர்களாக உட்கார்ந்திருப்பார்கள். மருமகளோடு ஒத்துப்போகும் குடும்பமாக இருந்தால் பரவாயில்லை.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அம்மா பெயரையும் கிராண்டில் (நில உரிமைப் பத்திரத்தில்) சேர்க்கச் சொல்லிப் பாருங்கள். அண்ணன் என்ன பதில் சொல்கிறார் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். சாதாரண அதிகாரப் பத்திரம் கொடுத்தவருக்குப் புத்தி பேதலித்தால் அப்போதே காலாவதியாகிவிடும். அவர் இறந்தாலும் அப்படியே. சிங்கப்பூரில் மனநிலை மங்கிய பிறகும் நீடிக்கும் பத்திரத்துக்குச் சட்டம் இருக்கிறது. நமக்கு அது கிடையாது. அப்பாவுக்கு எதுவும் புரியாத நிலை வந்துவிட்டால், 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் உயர்நீதிமன்றத்தில் மனுப் போட்டு, மருத்துவர்கள் சொன்ன பிறகு, அவர் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு குழுவை நியமிக்கச் செய்ய வேண்டும். ஈப்போவுக்கு அலைய வேண்டும், செலவும் உண்டு. நடைமுறையில் பல வீடுகளில் நடப்பது வேறு. வங்கி அட்டையும் ரகசிய எண்ணும் யாரோ ஒரு பிள்ளையிடம் இருக்கும். அவர் அம்மாவுக்கு மருந்து வாங்கினாரா, தன் காருக்குத் தவணை கட்டினாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம். இப்போதே ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரவு செலவு எழுதச் சொல்லுங்கள்.

உயிலே எழுதாமல் அப்பா போய்விட்டால் என்ன ஆகும்? தாத்தா பாட்டி இல்லாததால் அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் மூவருக்கும் சமமாக, ஆளுக்கு ஒன்பதில் இரண்டு. மகனா மகளா என்று சட்டம் பார்ப்பதில்லை. "உனக்குத்தான் நகை போட்டு அனுப்பினோமே" என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் வந்திருக்கும். அந்த நகையைச் சட்டம் கணக்கில் சேர்ப்பதில்லை. உயில் இல்லாமல், அசையாச் சொத்தும் இருந்து, மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால், சிறு பிரிவினைச் சொத்து என்ற முறையில் நீதிமன்றம் போகாமலே முடிக்கலாம். முன்பு வரம்பு 20 லட்சம். 2024 ஜூலை 15 முதல் உயர்த்தியிருக்கிறார்கள். விசாரணை நாளில் வாரிசுகளை அழைத்து உட்கார வைத்துக் கேட்பார்கள். ஒருவர் தன் பங்கை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம். அன்றைக்குச் சிரித்துக்கொண்டு கையெழுத்திட்டுவிட்டு, படியிறங்கும்போது அழுத அக்காமார்களை எனக்குத் தெரியும்.

அம்மாவின் திருமணம் எந்த ஆண்டு? 1982 மார்ச் 1க்கு முன்னால் தோட்டத்துக் கோவிலில் முறைப்படி நடந்தது என்றால், பதிவுச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் அது பதிவான திருமணமாகவே கருதப்படும். அதற்குப் பிறகு தாலி கட்டியதோடு விட்டுவிட்டவர்கள் பாடு திண்டாட்டம்தான். முப்பது வருடம் குடும்பம் நடத்திய பெண் தான் மனைவி என்று நிரூபிக்க வழக்காட வேண்டியிருக்கும். அண்ணன்களோ தம்பிகளோ அப்படி இருந்தால் இந்த வாரமே தேசியப் பதிவிலாகாவுக்குப் போகச் சொல்லுங்கள்.

பெயர்களையும் சரிபாருங்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். என் மேசையில் மாதக்கணக்கில் தூங்கிய கோப்புகளில் பாதி இதனால்தான். தோட்டத்துக் கிராணி காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதிவைத்தார். முனியாண்டி என்ற ஒரே மனிதர் அடையாள அட்டையில் கடைசி எழுத்து 'ஒய்', கிராண்டில் 'ஐ', மகனின் பிறப்புப் பத்திரத்தில் நடுவில் ஓர் எழுத்தே இல்லாமல் இருப்பார். கிராண்டில் இருப்பதோ பழைய அடையாள அட்டை எண். இவர்கள் எல்லாரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் செய்ய அப்பாவே உயிரோடு இருக்கும்போது அது அரை நாள் வேலை. அவர் போன பிறகு, அவரைத் தெரிந்த வயதானவர்களைத் தேடி ஒவ்வொரு தோட்டமாகப் போக வேண்டும். அந்தத் தோட்டங்களில் இப்போது லயங்களே இல்லை.

வழக்கறிஞரிடம் போவதற்கு முன்னால் ஒரு மாலை அப்பாவோடு உட்கார்ந்து அவருடைய பழைய பெட்டியைத் திறந்துவிடுங்கள். கிராண்டு, வங்கிப் புத்தகம், காப்புறுதிப் பத்திரம் இவற்றோடு, துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் புத்தகம் தாத்தா பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் பத்து வெள்ளி கட்டியவர்களின் வாரிசுகள் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அப்பாவிடம் நேற்றைய சமாச்சாரம் கேட்காதீர்கள். தாத்தா எந்தத் தோட்டத்தில், எந்த டிவிஷனில் வேலை பார்த்தார் என்று கேளுங்கள். அதற்கெல்லாம் நின்று நிதானமாகப் பதில் சொல்வார். பக்கத்தில் இருந்து எழுதிக்கொள்ளுங்கள்.